நோணாங்குப்பம் பக்கம் திருப்பு

இரண்டு கைகளாலும் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். மழை பக்கவாட்டில் அடித்தது. கைலி காலோடு ஒட்டிக்கொண்டு நகர விடவில்லை. தலைக்கு மேல் எட்டு மூங்கில் கைகளும், அவற்றைச் சுற்றி இழுத்துக் கட்டிய செம்புக் கம்பியும் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. பழைய துறைமுகத்தில் காலையிலேயே புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். உப்பளத்தில் எங்கள் தெருவில் ஓர் ஆள் இல்லை. கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி இருக்கும்.

கீழே அறைக்குள் என் மனைவி திலகவதி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருந்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் மேலே நிற்பது அவளுக்குத் தெரியாது.

போன வாரம் இங்கே மில் கேன்டீனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, என்னோடு தறிக் கொட்டகையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் போனில் பேசினார். "அதெல்லாம் சரிப்பா. உன் வீட்டு மாடியில ஒரு ராட்டினம் சுத்துமே, அதப்பத்தி எப்ப எழுதப்போற?" என்றார். அவர் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த மழைதான். அங்கே வந்து சேர்வதற்கு முன் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

தந்தி ஆபீஸ்

எங்களுக்குக் கல்யாணமானபோது நான் மில்லில் பிட்டர். திலகவதி தந்தி ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கே நாளெல்லாம் கட்டுக் கடா, கட்டுக் கடா என்று வருகிற சத்தத்தைக் காதால் கேட்டு, கையால் எழுத்தாக்குவது அவள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்காது. குழம்பு கொதிக்கும்போது கரண்டியால் சட்டியின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பாள். என்ன தட்டினாய் என்று கேட்டால், "உப்பு பத்தலன்னு தட்டினேன்" என்பாள்.

அவளுடன் வேலை பார்த்த ஒருவர்தான் ஹாம் ரேடியோவைப் பற்றிச் சொன்னார். அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிவிட்டால், வீட்டில் சொந்த ரேடியோவை வைத்துக்கொண்டு உலகத்தில் அதே உரிமம் உள்ள எவரோடும் பேசலாம். காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. வெறும் பொழுதுபோக்கு.

இருவரும் சேர்ந்தே பரீட்சைக்குப் போனோம். அவள் முதல் தடவையே தேறிவிட்டாள். நான் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் மோர்ஸில், அதாவது சத்தத்தைக் கேட்டு எழுத்தாக்குவதில், தோற்றேன். நீளம், குட்டை எல்லாம் மனப்பாடம். காதுதான் பிரச்சினை. பதினெட்டு வயதிலிருந்து தறிச் சத்தத்தில் நின்ற காது அது. சன்னமான கீச்சொலி என் காதுக்கு வருவதற்குள் கரைந்து போய்விடும். மூன்றாவது தடவை போகலாம் என்று அவள் சொன்னாள். நான் போகவில்லை.

"நீ பேசு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். மற்றதெல்லாம் என்றால் மரப்பெட்டி, வால்வு, கம்பி, கம்பம். கம்பம்தான் எங்களைப் படுத்தியது.

வயாபூரி

மூங்கிலும் செம்புக் கம்பியுமாக நாங்கள் கட்டிய ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நன்றாகப் பேசும், நன்றாகக் கேட்கும். ஆகவே யாரோடு பேச வேண்டுமோ அந்த நாட்டுப் பக்கம் அதைத் திருப்ப வேண்டும். திசைகாட்டியில் டிகிரி பார்த்துத் திருப்புவதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. ஊரைச் சுற்றித் தெரிந்த இடங்கள்தான் கணக்கு. ஜப்பான் என்றால் கலங்கரை விளக்கம். ரஷ்யா என்றால் முத்தியால்பேட்டை. ஐரோப்பா மொத்தமும் வில்லியனூருக்குக் கொஞ்சம் வடக்கே.

நோணாங்குப்பம் பக்கம் திருப்பினால் பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் ரெயூனியன் தீவு. அங்கே தெரேஸ் என்று ஓர் அம்மாள். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். திலகவதி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் என்பதால் இருவரும் பிரெஞ்சிலேயே தட்டிக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு.

ஒரு நாள் அந்த அம்மாள் தன் குடும்பப் பெயர் வயாபூரி என்றும், முப்பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர் என்றும், அந்தப் பெயருக்கு அர்த்தம் என்னவென்று தன் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை என்றும் தட்டினார். திலகவதி அதைத் தாளில் பென்சிலால் மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க, வையாபுரிங்க" என்றாள். பழனியின் பழைய பெயர், அது முருகன் ஊர், மலைமேல் கோயில் இருக்கிறது என்று இவள் பதில் தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே சொல். நன்றி என்று அர்த்தமாம்.

அதற்குப் பிறகு நோணாங்குப்பம் பக்கம் திருப்புவது எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதுபோல் ஆகிவிட்டது.

மூன்று தடவை

முதலில் ஏரியலைத் திருப்ப ராட்டினமே கிடையாது. திலகவதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறிப்போய்க் கையால் குழாயைத் திருப்பிவிட்டு வருவாள். மகள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது ஏணியில் கால் வழுக்கி இரண்டு படி சறுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளே மோட்டார் தேட ஆரம்பித்தேன்.

வெளிநாட்டில் இதற்கென்றே ரொட்டேட்டர் விற்கிறார்கள் என்று படம் போட்ட புத்தகத்தில் பார்த்திருந்தோம். பார்ப்பதோடு சரி. அந்தக் காலத்தில் நம் ஊருக்கு அதெல்லாம் வராது. நான் ஒரு பழைய அம்பாசிடர் காரின் வைப்பர் மோட்டாரை வாங்கி, சைக்கிள் செயின் போட்டுக் குழாயோடு இணைத்தேன். அறையில் சுவிட்சைப் போட்டால் மேலே ஏரியல் திரும்பியது. திலகவதி வாசலுக்கும் அறைக்கும் நாலு தடவை ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆடி மாதக் காற்று வந்ததும் கதை மாறியது. நாங்கள் சுவிட்சைப் போட்டு ஏரியலைத் திருப்பினோம். காற்று ஏரியலைத் திருப்பி மோட்டாரைச் சுழற்றியது. இரண்டே வாரத்தில் செயின் அறுந்தது.

அடுத்தது, மில்லில் கழித்துப் போட்ட தறியின் வார்ம் கியர். மேஸ்திரியிடம் சொல்லி, கேட் பாஸ் எழுதி வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தேன். திருகாணி மாதிரி ஒரு தண்டு பல் சக்கரத்தைச் சுற்றும். ஆனால் சக்கரத்தைப் பிடித்து எவ்வளவு திருகினாலும் தண்டு அசையாது. காற்று இனி என்ன செய்யும் என்று நினைத்தேன். காற்று ஐப்பசி வரைக்கும் பொறுத்திருந்தது. ஓர் அடைமழை நாளில் மேலே டொக்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சக்கரத்தின் பித்தளைப் பற்களில் ஏழு உதிர்ந்து கிடந்தன. ஏரியல் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மூங்கில் முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் போய் விழுந்தது.

பக்கத்து வீடு மெசியே அந்துவானுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். மூங்கிலை எடுத்துக்கொண்டு அவரே வாசலுக்கு வந்தார்.

"கன்னியப்பா, இது உன்னுதா?"

"ஆமாம் மெசியே. ஓட்ட மாத்திக் குடுத்துடறேன்."

"ஓடு கெடக்குது. எம் மேல விழுந்தா இன்னா பண்ணுவ?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள், "மதாம் இன்னிக்கிப் பேச முடியாதா அப்ப?" என்று கேட்டார். திலகவதி பிரெஞ்சில் பேசுகிறாள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

அன்று இரவு சாப்பிடும்போது திலகவதி ஒரு நிபந்தனை போட்டாள். "ராட்டினம் நீங்க எத்தினி வேணா செய்ங்க. காத்து அடிக்கும்போது மேல போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன்.

மூன்றாவது ராட்டினத்தில் புத்தியைக் கொஞ்சம் உபயோகித்தேன். விடாமல் பிடித்தால் பல் உடைகிறது. ஆகவே சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவே லாரி பிரேக் லைனிங் துண்டுகளை வைத்து, ஸ்பிரிங்கால் அழுத்திக் கட்டினேன். சாதாரணக் காற்றில் அது பிடித்துக்கொள்ளும். அடங்காத காற்று வந்தால் வழுக்கிக் கொடுக்கும். பல் பிழைத்தது. ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்றும் உடையவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். அறையில் ஒரு மரப்பெட்டியில் முள் வைத்திருந்தேன். முள்ளைச் சுற்றி அட்டையில் கலங்கரை விளக்கம், முத்தியால்பேட்டை என்றெல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். அந்த முள்ளுக்குக் கம்பி போனது சக்கரத்திலிருந்து. காற்றில் குழாய் மட்டும் வழுக்கித் திரும்பினால் சக்கரத்துக்கு அது தெரியாது. ஏரியல் ஒரு பக்கம் பார்க்கும், முள் வேறு பக்கம் காட்டும். காற்றடித்த மறுநாள் வாசலில் இறங்கி நின்று கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்வோம். அது போதும் என்று நினைத்தேன்.

கடைசி ஞாயிறு

தெரேஸ் அம்மாளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. பிரான்சில் இருந்த மகன் தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்தான். அவன் வீடு அடுக்குமாடியில். அங்கே ஏரியல் கட்ட விடமாட்டார்கள். ரேடியோவைத் திங்கட்கிழமை பிரித்துக் கொடுத்துவிடப் போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடைசியாக ஒருமுறை பேசலாம் என்றும் சொல்லியிருந்தார். புது விலாசத்தை அன்றைக்குத் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புயல் கூண்டு ஏறியது.

மகளை முதலியார்பேட்டையில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். மூன்றே முக்காலுக்கே திலகவதி ரேடியோவின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது. நாலு மணிக்கு ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முகம் சுருங்கியது.

"முள்ளு நோணாங்குப்பத்துலதாங்க நிக்கிது. ஆனா அவங்க கெணத்துக்குள்ளேருந்து கூப்புடற மாதிரி இருக்குது. எழுத்து பாதி வருது, பாதி வரல."

வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஏரியல் தெரேஸ் அம்மாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கலங்கரை விளக்கத்தைப் பார்த்து நின்றது. சுவிட்சைப் போட்டுத் திருப்பினேன். பாதி தூரம் வந்தது. ஒரு வீச்சு அடித்ததும் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போனது. மறுபடி திருப்பினேன். மறுபடி போனது.

திலகவதி என்னைப் பார்க்கவில்லை. வந்த பாதி எழுத்துகளைத் தாளில் எழுதி, நடுவே கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்காத ஒரு பேச்சு அவளுக்கும் கேட்காமல் போகிறதே என்று நினைத்தேன்.

"நீ பேசு. நான் சரி பண்றேன்" என்றேன். எங்கே போய்ச் சரிசெய்வேன் என்று சொல்லவில்லை.

சுருக் சுருக்

மேலே ஏறியதும் பெரிய பைப் ரெஞ்சைக் குழாயில் கடிக்கவைத்தேன். அதன் கைப்பிடி ஒரு முழத்துக்கு மேல் நீளம். அதை இடுப்பால் தள்ளித் தள்ளி ஏரியலைத் திருப்பி, கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பால் நான் போட்டுவைத்திருந்த அடையாளத்துக்கு நேராகக் கொண்டுவந்தேன். பிறகு ரெஞ்சை இடுப்பால் அணைத்து, குழாயைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். ஒவ்வொரு வீச்சுக்கும் குழாய் ஒரு மாடு திமிறுவதுபோல் திமிறியது.

ரேடியோவிலிருந்து ஏரியலுக்குப் போக, குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்த கேபிளில் ஓர் இடத்தில் டேப் பிரிந்திருந்தது. அது என் மணிக்கட்டில் பட்டது. சுருக்கென்றது. கையை நகர்த்தப் பார்த்தேன், முடியவில்லை. மறுபடி சுருக். ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. அப்போதுதான் புரிந்தது. கீழே திலகவதி தட்டுகிறாள்.

என்ன தட்டுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு எனக்கு வராது. அவள் வேகத்துக்கு என்னால் எழுத்துக் கூட்டவும் முடியாது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவள் தட்டுவது எனக்குக் குறையில்லாமல் கிடைத்தது அன்றைக்குத்தான். சுருக்கு நின்றால் தெரேஸ் அம்மாள் பேசுகிறார். மறுபடி ஆரம்பித்தால் இவள் பேசுகிறாள். நன்றாகக் கேட்கிறது போலிருக்கிறது, இல்லாவிட்டால் இப்படி ஓட்டமாகத் தட்டமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். குளிரில் பல் அடித்துக்கொண்டது. சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மெசியே அந்துவானின் தலை தெரிந்தது.

"கன்னியப்பா, அங்க இன்னாய்யா பண்ற? எறங்கு."

"அஞ்சு நிமிஷம் மெசியே."

அவர் ஏதோ பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். மழைக்குப் பயந்து சாத்திக்கொண்டார் என்று நினைத்தேன். மனிதர் குடையை எடுத்துக்கொண்டு, அது காற்றில் மடங்க, எங்கள் வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே போய்த் திலகவதியிடம் சொல்லியிருக்கிறார்.

சுருக்கு ஓட்டமாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. தெரேஸ் அம்மாளின் முறை என்று காத்திருந்தேன். மறுபடி வரவே இல்லை.

திலகவதி மாடிக்கு வந்திருந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து என் விரல்களைக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"விடுங்க. விட்டுட்டு வாங்க."

"நீ போய்ப் பேசு. நான் புடிச்சிக்கிட்டிருக்கேன்."

"பேசிட்டேன். வாங்க."

விட்டுவிட்டு இரண்டடி நகர்ந்தேன். அடுத்த வீச்சில் குழாய் ஒரு சுற்றுச் சுற்றியது. அதைக் கடித்துக்கொண்டிருந்த ரெஞ்சின் கைப்பிடி சுழன்று வந்து, நான் நின்ற இடத்துக்கு நேரே இருந்த சுவரில் அடித்தது. ஒரு செங்கல் பெயர்ந்து தெருவில் போய் விழுந்தது. மேலே மூங்கில் இரண்டு முறிந்தன. திலகவதி அந்த உடைந்த சுவரைப் பார்த்தாள், என் இடுப்பைப் பார்த்தாள்.

முள்

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், டிபன் கட்டினாள், பேசவில்லை. நாலாம் நாள் மணிக்கட்டில் இருந்த கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவும்போது, "சத்தியம் பண்ணீங்களே" என்றாள்.

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னா கீழ இருந்திருக்கணும்." எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். "அவங்ககிட்ட ஒரு வார்த்தைய முடிக்காம பாதில வச்சிட்டு ஓடியாந்தேன். விலாசம்கூட வாங்கல. எனக்கு இன்னா ஆச்சோன்னு அவங்க நெனச்சிக்கிட்டு இருப்பாங்க."

ரெயூனியன் விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டாள். பதில் இல்லை. இன்னொன்று போட்டாள். அதற்கும் இல்லை.

ராட்டினத்தைக் கழற்றி அறைக்குள் பரப்பி வைத்திருந்தேன். இனி பிடியை இறுக்குவதா, தளர்த்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. இறுக்கினால் உடைகிறது, தளர்த்தினால் பொய் சொல்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை, புழுங்கல் அரிசியைக் களைந்துகொண்டே அவள் கேட்டாள்.

"அந்த முள்ளுக்குக் கம்பி எங்கேருந்து வருது?"

"சக்கரத்துலேருந்து."

"திரும்பறது சக்கரமா, குழாயா?"

"குழாய்."

"அப்ப குழாய்ல கட்டுங்க. அது எங்க திரும்புதோ முள்ளும் அங்க திரும்பிட்டுப் போவுது. காத்துல தானா சுத்தினா சுத்தட்டும். காத்து நின்னதும் இங்கேருந்தே பாத்துத் திருப்பிக்கலாம். யாரும் மேல போக வேணாம்."

மில்லில் இத்தனை வருஷம் பிட்டராக இருந்தவனுக்கு அது தோன்றவில்லை. ஸ்பிரிங்கை நன்றாகத் தளர்த்தி, முள்ளின் கம்பியைக் குழாய்க்கு மாற்றினேன். பெருங்காற்றில் ஏரியல் தன்பாட்டுக்குக் காற்றோடு திரும்பி நிற்கும். அறையில் முள்ளும் கூடவே திரும்பும். காற்று ஓய்ந்ததும் சுவிட்சைப் போட்டால் போதும். எண்பதுகளில் தெருவில் வீட்டுக்கு வீடு டி.வி. ஏரியல் முளைத்து, புயலுக்குப் புயல் அவை சாய்ந்தபோதும் எங்கள் ராட்டினம் ஒரு பல்கூட இழக்காமல் நின்றது. வெள்ளைப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருந்தேன்.

திலகவதி பலரோடும் பேசினாள். நோணாங்குப்பம் பக்கம் மட்டும் திருப்பவில்லை.

பிரான்ஸ் தபால்

அந்தப் புயலுக்கு அடுத்து வந்த பங்குனி வெயிலில் ஒரு நாள் தபால்காரர் கனமான உறை ஒன்றைக் கொடுத்தார். பிரான்ஸ் தபால்தலை. எழுத்து பெரிது பெரிதாக, வரி கோணலாக இருந்தது. திலகவதி அதை நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தைப் படித்ததும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி சிரித்தாள்.

"இன்னா எழுதியிருக்காங்க?"

அவள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆகிவிட்டதாம். பெட்டிகளைப் பிரிக்கும்போதுதான் முன்னெப்போதோ நாங்கள் அனுப்பிய பழைய கார்டு கிடைத்து, விலாசம் தெரிந்ததாம். அன்றைக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லையாம். பிறகு திடீரென்று, பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டதாம். பேசவேண்டியதெல்லாம் பேசிவிட்டார்களாம், விலாசம் ஒன்றைத் தவிர. கடைசியாகத் திலகவதி தட்டியது, 'என் கணவர் மொட்டை மாடியில் நிற்கிறார், நான்' என்பது. அதோடு நின்றுவிட்டதாம்.

'நாலு மாதமாக நானும், என் மகனும், மருமகளும், பேத்தியும் அந்த மனிதரைப் பற்றித்தான் பேசுகிறோம். பேத்தி தினமும் கேட்கிறாள். தயவுசெய்து உடனே எழுது' என்று கடிதம் முடிந்திருந்தது.

திலகவதி அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு வரி எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு மையை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இன்னா எழுதின?" என்று கேட்டேன்.

"எறங்கிட்டாருன்னு எழுதினேன்" என்றாள்.